அமலோற்பவம்: ஒரு திருப்பெயரின் வரலாறு



நம் ஆலய யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தர வேண்டுமென மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். கோவில் எழும்பிய வரலாற்றையும், பணியாற்றிய குருக்களின் வரலாற்றையும், பள்ளிக்கூடத்தின் வரலாற்றையும் இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். நாம் எடுத்துக்கொள்வது ஒரு பெயரின் வரலாறு. அமலோற்பவ அன்னையைப் பாதுகாவலியாகக் கொண்ட நம் பங்கில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்து, இன்று பாட்டிமார்களோடு ஒதுங்கி நிற்கும் அந்தப் பெயர், அமலோற்பவம்.

நம் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினால் இப்பெயர் அடிக்கடி கண்ணில் படும். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளிலும் படும். அண்மைக் காலப் பக்கங்களிலோ தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பெயர் வழக்கொழிந்தால் என்ன குறைந்துவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். எல்லாப் பெயர்களைப் பற்றியும் அப்படிக் கேட்கலாம். இப்பெயரைப் பற்றிக் கேட்பதற்கு முன் அதன் பொருளையும், அது நம் கைக்கு வந்து சேர்ந்த வழியையும் அறிந்துகொள்வது நன்று.

சொல்லும் பொருளும்

அமலோற்பவம் என்பது இரு சொற்கள் சேர்ந்த ஒரு சொல். அமலம், உற்பவம் என்பன அவை. இரண்டும் வடமொழியிலிருந்து வந்து நெடுங்காலமாகத் தமிழில் பழகியவை. உற்பவம் என்றால் தோற்றம், பிறப்பு, கருவில் உருவாதல். வடமொழியில் ‘உத்பவம்’ என்றிருப்பது தமிழ் நாவுக்கு ஏற்ப ‘உற்பவம்’ ஆயிற்று. ‘அத்புதம்’ அற்புதம் ஆனதும், ‘உத்சவம்’ உற்சவம் ஆனதும் இவ்வாறே. அமல என்பதும் உற்பவம் என்பதும் புணரும்போது அகரமும் உகரமும் கூடி ஓகாரம் ஆகும். சூரிய உதயம் சூரியோதயம் ஆகிறது. மகா உற்சவம் மகோற்சவம் ஆகிறது. அதே முறையில் அமல உற்பவம் அமலோற்பவம் ஆகிறது. ஆகவே வல்லின றகரம் இட்டு எழுதுவதே சரி. ‘அமலோர்பவம்’ என்று இடையின ரகரம் இட்டு எழுதுவது, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட பெயரைத் திரும்பவும் தமிழாக்கும்போது நுழைந்த பிழை. அண்டை நாட்டு மலையாளக் கிறிஸ்தவர்கள் ‘அமலோத்பவ’ என்று பழைய ஒலியையே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ‘அமலம்’. இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு ஒரு கூச்சம் ஏற்படுகிறது. ‘மலம்’ என்னும் சொல்லை இன்று நாம் வழங்கும் பொருள் எல்லாருக்கும் தெரியும். பள்ளியில் உடன் படிப்பவர்கள் கேலி செய்வதாக வீட்டில் வந்து அழுத பிள்ளைகள் உண்டு. மலம் என்பதன் முதற்பொருள் மாசு, அழுக்கு என்பதே. சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றையும் மும்மலம் என்று கூறும். உயிரைப் பற்றிய அழுக்கு என்பதே அங்கே கருத்து. அந்த மாசு இல்லாதவன் அமலன். சைவரும் வைணவரும் இறைவனையே அமலன் என்று போற்றியிருக்கிறார்கள். திருப்பாணாழ்வார் பாடிய பதிகத்தின் பெயரே அமலனாதிபிரான். அயல் வீட்டு நிர்மலாவும் விமலாவும் இதே வேரில் பிறந்த பெயர்களே. நிர்மலாவைக் கேலி செய்யத் தோன்றாதவர்களுக்கு அமலோற்பவத்தைக் கேலி செய்யவும் காரணமில்லை.

மாசில்லாத தோற்றம், மாசின்றி உற்பவித்தல் என்பதே இப்பெயரின் பொருள். திருச்சபை இம்மொழியை ஒரே ஒரு மனிதப் பிறவிக்கே உரியதாக்குகிறது. அவர் அன்னம்மாளின் மகளான மரியாள்.

பெயரை மொழிபெயர்த்த திருச்சபை

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு இத்தகைய பெயர் கிடைத்ததே ஒரு தனி வரலாறு. பதினாறாம் நூற்றாண்டில் கடற்கரையில் ஞானஸ்நானம் பெற்றோர் போர்த்துக்கீசியப் பெயர்களையே பெற்றனர். உள்நாட்டில் மறைபரப்பிய மதுரை மிஷன் குருக்கள் வேறு வழி சென்றனர். புனிதர்களின் பெயரில் உள்ள பொருளைக் கண்டு, அப்பொருளுக்குத் தமிழில் பெயர் சூட்டும் வழக்கம் அங்கே வேரூன்றியது. பவுல் என்னும் இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்பது பொருள். அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேவான் என்பதற்கு முடி, கிரீடம் என்பது பொருள். அவர் முடியப்பர் ஆனார். லாசர் என்பதற்குக் கடவுளின் உதவி என்பது பொருள். அது தேவசகாயம் ஆயிற்று. 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றபோது இப்பெயரையே ஏற்றார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, அந்தத் தமிழ்ப் பெயர் உரோமையில் முழங்கியது. அவர் மனைவி பார்கவி அம்மாள் ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் ஞானப்பூ. தெரேசா என்னும் பெயருக்கு ஈடாக வழங்கியது அது.

இந்த வழியில் வந்ததே தேவ அன்னையின் பட்டங்களைப் பெண் குழந்தைகளுக்குச் சூட்டும் வழக்கமும். ஆரோக்கிய மேரி, அடைக்கல மேரி, சகாய மேரி, செபமாலை மேரி, மங்கள மேரி, வியாகுல மேரி, பரலோக மேரி என நம் வீடுகளில் வழங்கும் பெயர்களை ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். மங்கள வார்த்தை, வியாகுலம், பரலோக ஆரோபணம் என்று அன்னையின் வாழ்வே அதில் அடங்கிவிடும். அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பது அமலோற்பவம்; ஏனெனில் அன்னையின் வாழ்வு தொடங்கிய முதற்கணத்தைக் குறிப்பது அதுவே.

ஸ்பெயின் நாட்டுக் கத்தோலிக்கரிடையேயும் இதே வழக்கம் இருப்பதைக் காண்பது மகிழ்ச்சி தருகிறது. நம் வியாகுல மேரி அங்கே தொலோரெஸ். செபமாலை மேரி ரொசாரியோ. பரலோக மேரி அசுன்சியோன். சகாய மேரி சொக்கோரோ. நம் அமலோற்பவத்துக்கு அங்கே இரு பெயர்கள் உண்டு: இன்மக்குலாதா, கொன்செப்சியோன். இத்தாலியில் இம்மாக்கொலாத்தா, கொன்செத்தா என்றும், போர்த்துக்கல்லில் கொன்செய்சாவ் என்றும் வழங்கும். ஒருவர் மொழியை மற்றவர் அறியாத இரு நாட்டுத் தாய்மார்கள் தங்கள் பெண் மக்களை ஒரே பொருளுள்ள பெயரால் அழைத்திருக்கிறார்கள்.

விசுவாச சத்தியத்தின் நெடிய பயணம்

பெயருக்குப் பின்னால் ஒரு விசுவாச சத்தியம் நிற்கிறது. அது ஒரே நாளில் வரையறுக்கப்பட்டதன்று. கீழைத் திருச்சபையில் அன்னம்மாள் கருவுற்றதை டிசம்பர் 9ஆம் நாள் கொண்டாடும் வழக்கம் முதலில் தோன்றியது. பதினோராம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அத்திருநாள் டிசம்பர் 8ஆம் நாள் கொண்டாடப்பட்டது. இந்த நாள் எப்படி வந்தது? அன்னையின் பிறந்த நாள் செப்டம்பர் 8. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நமக்கு அந்நாளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலிருந்து ஒன்பது மாதம் பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 8.

திருநாள் பரவியபோது வாதமும் எழுந்தது. மரியன்னையின்மீது பேரன்பு கொண்ட புனித பெர்நார்து, 1140ஆம் ஆண்டையொட்டி லியோன் நகரத்துக் குருக்களுக்குக் கடிதம் எழுதி இத்திருநாளை எதிர்த்தார். மாமேதையான புனித தோமாஸ் அக்குவினாசும் தயங்கினார். அவர்கள் தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர். மரியாள் ஜென்மப் பாவமே இன்றி உற்பவித்தார் என்றால் அவருக்கு மீட்பர் தேவையில்லை என்று ஆகாதா?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் பிரான்சிஸ்கு சபைத் துறவி தன்ஸ் ஸ்கோத்து. இவர் 1308ஆம் ஆண்டு கொலோன் நகரில் மறைந்தார். மரியாளும் கிறிஸ்துவால் மீட்கப்பட்டவரே. ஆனால் மீட்பு வந்த வகை வேறு என்பது இவர் காட்டிய வழி. சேற்றில் விழுந்தவனைத் தூக்கிக் கழுவி விடுவது ஒரு மீட்பு. விழப் போகிறவனை விழாமலே தாங்கிப் பிடிப்பது அதனினும் பெரிய மீட்பு. நாமெல்லாம் தூக்கிக் கழுவப்பட்டவர்கள்; அன்னை தாங்கிப் பிடிக்கப்பட்டவர். பிடித்த கை ஒன்றே. அது அவர் திருமகனின் கை.

பின் வந்த நூற்றாண்டுகளில் திருச்சபை படிப்படியாகச் சென்றது. 1476இல் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் இத்திருநாளுக்கு ஒப்புதல் அளித்தார். 1546இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் ஜென்மப் பாவத்தைப் பற்றிய தன் போதனையில் மரியாளை உட்படுத்தக் கருதவில்லை என்று தெளிவாக்கியது. 1646இல் போர்த்துக்கல் அரசர் நான்காம் ஜான் அமலோற்பவ அன்னையைத் தம் நாட்டின் பாதுகாவலியாக அறிவித்து, முடியை அன்னைக்கே காணிக்கையாக்கினார். அதன்பின் அந்நாட்டு அரசர்கள் தலையில் முடி சூடியதில்லை. 1708இல் பாப்பரசர் பதினோராம் கிளமெந்து இத்திருநாளைத் திருச்சபை முழுவதற்கும் கடன் திருநாளாக்கினார்.

கடைசியாக, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1849இல் உலகத்து ஆயர்களிடம் கருத்துக் கேட்டார். பதில் எழுதிய 603 பேரில் 546 பேர் சத்தியமாகப் பிரகடனம் செய்ய இசைந்தனர். 1854ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் அவர் அதை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார். மரியாள் உற்பவித்த முதற்கணத்திலேயே, இறைவன் தந்த தனி வரத்தாலும், மனுக்குல மீட்பராம் இயேசு கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டும், ஜென்மப் பாவ மாசு எதுவும் அணுகாமல் காக்கப்பட்டார் என்பதே அதன் சாரம்.

இங்கே நம் மக்களிடையே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். அமலோற்பவம் என்றால், கன்னி மரியாள் ஆண் துணையின்றி இயேசுவைக் கருத்தாங்கியது என்று பலர் எண்ணுகிறார்கள். உற்பவித்தல் என்னும் சொல்லை இயேசுவைக் குறித்துப் பழைய விசுவாச மந்திரத்தில் கேட்டுப் பழகியதால் இம்மயக்கம் வந்திருக்கலாம். அது வேறு, இது வேறு. இயேசு கன்னியிடம் உற்பவித்ததை மார்ச் 25ஆம் நாள் மங்கள வார்த்தைத் திருநாளில் கொண்டாடுகிறோம். டிசம்பர் 8ஆம் நாள் கொண்டாடுவது மரியாள் தம் தாயின் வயிற்றில் உற்பவித்ததை. மற்றெல்லாக் குழந்தைகளையும் போலவே அவருக்கும் தாய் தந்தையர் இருந்தனர். உடலின் தோற்றத்தில் அவர் நம்மைப் போன்றவர். ஆன்மாவின் தோற்றத்தில்தான் அவருக்குத் தனி வரம்.

மசபியேல் குகையில் சொல்லப்பட்ட பெயர்

பிரகடனத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1858இல், பிரான்சு நாட்டு லூர்து என்னும் சிற்றூரில், பெர்னதெத்து என்னும் பதினான்கு வயதுச் சிறுமிக்கு ஒரு பெண்மணி காட்சி தந்தார். பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பதினெட்டுக் காட்சிகள். ஏழை மாவு ஆலைக்காரரின் மகள் அவள். எழுதப் படிக்கத் தெரியாது. புது நன்மை கூட வாங்கவில்லை. அந்த ஊர்ப் பங்குக் குரு பெய்ரமால் கண்டிப்பானவர். அப்பெண்மணியின் பெயரைக் கேட்டு வரும்படி சிறுமியிடம் சொன்னார்.

மார்ச் 25ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, சிறுமி திரும்பத் திரும்பக் கேட்க, அப்பெண்மணி கைகுவித்து, விண்ணோக்கித் தம் பெயரைக் கூறினார். அதுவும் அந்த ஊர்ப் பேச்சு மொழியிலேயே கூறினார். தாமே அமல உற்பவம் என்றார். சிறுமிக்குப் பொருள் புரியவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுக அச்சொல்லையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு குருவின் வீட்டுக்கு ஓடினாள். குருவோ, ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு பெயர் இருக்க முடியாதே என்று திகைத்தார். அமலமாய் உற்பவித்தவர் என்றால் இலக்கணப்படி சரி. அமல உற்பவமே நான் என்பது எப்படி? படித்தவருக்கே புதிராக இருந்த ஒன்றைப் படிக்காத சிறுமி தானாகப் புனைந்திருக்க முடியாது என்பது அவர் உள்ளத்தில் தைத்தது. சிறுமியை ஐயுற்று வந்தவர் அன்று முதல் அவளுக்குத் துணை நின்றார்.

இதில் நமக்கோர் உரிமைப் பெருமை உண்டு. அமலி என்றும், அமலை என்றும் பண்பைக் குறிக்கும் பெயர்கள் தமிழில் அமைக்கலாம். ஆனால் நம் முன்னோர் தம் பெண்களுக்கு வைத்தது அமலோற்பவம் என்று, நிகழ்ச்சியையே பெயராக்கியது. பெய்ரமால் சாமியார் இருக்க முடியாது என்று எண்ணிய பெயரைத் தாங்கிய பெண்கள் நம் தெருக்களில் தண்ணீர்க் குடம் சுமந்திருக்கிறார்கள்; நடவு நட்டிருக்கிறார்கள்; பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார்கள்.

தமிழ் மண்ணில்

சத்தியம் பிரகடனமாவதற்கு முன்பே நம் நாட்டில் இந்தப் பக்தி வேரூன்றியிருந்தது. புதுச்சேரிப் பேராலயம் அமலோற்பவ அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. முன்னிருந்த கோவிலை 1761இல் ஆங்கிலேயர் இடித்த பின், இப்போதுள்ள பேராலயம் கட்டப்பட்டு 1791இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதைப் பொதுமக்கள் சென்மராக்கினி மாதா கோவில் என்று அழைப்பார்கள். ஜென்மப் பாவம் தீண்டாத இராக்கினி என்னும் கருத்தை அப்பழம்பெயரில் காண்கிறோம். ஆகவே சென்மராக்கினியும் அமலோற்பவமும் ஒரே அன்னையின் இரு தமிழ்ப் பெயர்கள்.

லூர்து காட்சிகளின் செய்தியும் விரைவிலேயே இங்கு வந்து சேர்ந்தது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1870களிலேயே லூர்து அன்னைக்குக் கோவில் எழுந்தது. பெர்னதெத்து அப்போது நெவேர் நகர மடத்தில் உயிரோடிருந்தார். 1890களில் திருச்சியில் புனித வளனார் கல்லூரியை ஒட்டி லூர்து அன்னை ஆலயம் கோபுரம் உயர்த்தியது. ஊர்தோறும் கெபிகள் தோன்றின. லூர்து மேரி, லூர்துசாமி என்னும் பெயர்கள் பெருகின. லூர்து என்பது காட்சி நடந்த ஊரின் பெயர். அமலோற்பவம் காட்சியில் சொல்லப்பட்ட பெயர். நம் குடும்பங்களில் அக்காவும் தங்கையும் இவ்விரு பெயர்களைப் பகிர்ந்துகொண்டது இதனால்தான்.

இதற்குச் சிறந்த சான்று செஞ்சியை அடுத்த கல்லேரியில் பிறந்த உடன்பிறந்தார் இருவர். மூத்தவர் கர்தினால் சைமன் லூர்துசாமி ஆண்டகை (1924–2014). இளையவர் அருள்தந்தை அமலோற்பவதாஸ் (1932–1990). வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாட்டையும் மறைக்கல்வியையும் இந்திய மண்ணுக்கேற்ப வளர்க்க 1967இல் பெங்களூரில் தேசிய மறைக்கல்வி, வழிபாட்டு, விவிலிய நடுநிலையத்தைத் தொடங்கி நடத்தியவர் இவர். அண்ணனின் பெயரில் லூர்து; தம்பியின் பெயரில் அமலோற்பவம்.

உலகின் பிற பாகங்களில் இப்பெயர் தேயவில்லை. உகாண்டாவிலும் கென்யாவிலும் இம்மாக்குலேட் என்று பெண் குழந்தைகளுக்குப் பெயரிடுகிறார்கள். ருவாண்டாவில் இம்மாக்குலே என்பார்கள். அந்நாட்டில் 1994இல் நடந்த இனப்படுகொலையில், இம்மாக்குலே இலிபகிசா என்னும் இளம்பெண் வேறு ஏழு பெண்களோடு ஒரு சிறு குளியலறையில் 91 நாட்கள் ஒளிந்திருந்து உயிர் பிழைத்தார். கையில் தந்தை கொடுத்த செபமாலை ஒன்றே துணை. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் கொன்றவர்களை அவர் மன்னித்ததை உலகம் அறியும். மாசில்லாதவள் என்னும் பெயரைத் தாங்கியவர் தம் உள்ளத்தில் வஞ்சம் என்னும் மாசு படியாமல் காத்துக்கொண்டார்.

ஏன் தேய்ந்தது?

நம்மிடையே இப்பெயர் தேய்ந்ததற்குக் காரணங்கள் பல. பெயர் நீளமானது, வேற்று மொழியார் வாயில் நுழைவதில்லை. படிவங்களில் எழுத்துக்குக் கட்டம் போதாது. ஒரு சான்றிதழில் ஒரு விதமாகவும், வேறொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டு, ஓய்வூதியத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் அலைந்த மூதாட்டிகளை நாம் அறிவோம். திருச்சபைச் சட்டமும் மாறியது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு கிறிஸ்தவப் பெயரையே சூட்டும்படி பங்குக் குருவைக் கவனிக்கச் சொன்னது. பெற்றோர் இசையாவிடில் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்துப் பதிவேட்டில் எழுதச் சொன்னது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்ற அளவோடு நிற்கிறது. இது நல்ல விடுதலையே. ஆனால் அந்த விடுதலையை நாம் எண்களிலும் எழுத்துகளிலும் கண்டுபிடித்த பொருளில்லாப் பெயர்களுக்குச் செலவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

முன்னர் வேறொரு பங்கில் நாம் பணியாற்றியபோது ஓர் இளம்பெண் வந்தார். பாட்டியின் பெயரை அவருக்கு இட்டிருந்தார்கள். அரசிதழில் பெயரை மாற்றிக்கொள்ளப் போவதாகவும், ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டுமென்றும் கேட்டார். “ஃபாதர், இது ஒரு பெயரா, இல்லை ஞானோபதேசக் கேள்வியா?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். இதே கேள்வியை லூர்து நகரப் பங்குக் குருவும் கேட்டார் என்று சொல்லி, மேற்கண்ட வரலாற்றைக் கூறினோம். கேட்டுக்கொண்டார், ஆனாலும் எண்ணத்தை மாற்றவில்லை. அமலா என்று அரசிதழில் மாற்றிக்கொண்டார். அது அவர் உரிமை. சில ஆண்டுகளில் அவருக்குத் திருமணம் நிச்சயமாகி ஓலை வாசித்தபோது, பதிவேட்டில் உள்ளபடி முழுப் பெயரையே வாசித்தோம். பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் அப்பெண்ணே விளக்கினார், பிழையின்றி விளக்கினார். பெயரை விட்டவர் பொருளை விடவில்லை. பொருளைச் சொல்லிக் கொடுக்காமல் பெயரை மட்டும் சுமக்க வைப்பதுதான் நம் வீடுகளில் நடந்த தவறு.

பெண் மகவின் முதற்கணம்

இப்பெயர் நம் காலத்துக்கு ஏன் தேவை என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. டிசம்பர் 8ஆம் நாள் திருச்சபை கொண்டாடுவது யாரை? இன்னும் பிறவாத ஒரு பெண் குழந்தையை. தாய் வயிற்றில் உருவான முதற்கணத்திலேயே, அவள் எதையும் செய்வதற்கு முன், ஒரு நற்செயலும் புரிவதற்கு முன், இறைவன் அவளைத் தேர்ந்து அருளால் நிரப்பினார் என்கிறோம். அந்தக் குழந்தை ஆணாக இருந்திருக்கலாமே என்று எந்த விசுவாசியும் எண்ணுவதில்லை.

ஆனால் நம் தமிழ்நாட்டின் நிலை என்ன? பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் அரசே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. கருவில் இருப்பது பெண் என்று கண்டறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆறு வயதுவரை உள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே. சில மாவட்டங்களில் 900க்கும் கீழே. இந்தக் கணக்கில் மாற்றாருக்கு மட்டும் பங்கு, நமக்கு இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? பெண் பிறந்தால் முகம் சுளிக்கும் வீடு நம் பங்கிலும் இருக்குமானால், அவ்வீடு அமலோற்பவ மாதாவுக்குத் தேர் இழுத்து என்ன பயன்? ஒரு பெண்ணின் உற்பவத்தைத் திருநாளாகக் கொண்டாடும் மக்கள், தம் வீட்டுப் பெண் மகவின் உற்பவத்தையும் வரப்பிரசாதமாகவே ஏற்க வேண்டும்.

இன்னுமொன்று. அன்னைக்கு முதற்கணத்தில் கிடைத்த அருள், நமக்கு ஞானஸ்நானத் தொட்டியில் கிடைக்கிறது. அவரை அணுகாமல் காத்த அதே கரம், நம்மை அணுகியதைக் கழுவுகிறது. ஆகவே ஜென்மப் பாவம் நீங்கும் அந்த நேரத்தில் ஒரு குழந்தையை அமலோற்பவம் என்று பெயர் சொல்லி அழைப்பதைப் போலப் பொருத்தமானது வேறில்லை. பாவமே செய்யாதவள் என்று அக்குழந்தையைப் பாராட்டுவதற்கன்று அப்பெயர். எந்தத் தூய்மையை நோக்கி அவள் அழைக்கப்பட்டாள் என்பதை அவளுக்கு நாள்தோறும் நினைவூட்டுவதற்கே.

பங்கு மக்களே, பிறக்கும் பெண் குழந்தைகளுக்கெல்லாம் இப்பெயரையே இடுங்கள் என்று நாம் கட்டளையிடவில்லை. இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியங்களை மட்டும் கேட்கிறோம். வீட்டில் இப்பெயருடைய பாட்டியோ அத்தையோ இருந்தால், அமலு, அமலி என்று அழைத்தது போதும். டிசம்பர் 8ஆம் நாளாவது முழுப் பெயரைச் சொல்லி வாழ்த்துங்கள். கல்லறையில் பெயர் பொறிக்கும்போது றகரத்தைச் சரியாகப் பொறியுங்கள். பெண் குழந்தைக்கு நீங்கள் விரும்பிய பெயரை வையுங்கள். அதோடு ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டாவது பெயராக இதையும் எழுதச் சொல்லுங்கள். பேனாவில் மை நிரப்பிக் காத்திருப்போம்.

பிறக்கும் முன்பே தேவனின் கண்ணில் அருள் பெற்ற அன்னை, நம் வீட்டில் பிறந்த பெண் மக்களையும், பிறக்கப் போகும் பெண் மக்களையும் தம் மேலாடைக்குள் வைத்துக் காப்பாராக. உங்கள் அனைவருக்கும் நம் யூபிலி வாழ்த்தும் ஆசீரும்.